எண்ணும் செவியும்

ஒரு பாடலைப் பல்லாயிரவர் விரும்பினர் என்பது அதன் தகுதிக்குச் சான்றாகுமா? அன்றி, இசையுணர்ந்த சிலர் சொல்லே முடிவாகுமா? கணக்கிடுவோரும் சுவைப்போரும் நெடுநாளாக இவ்வினாவின் இரு கரைகளில் நிற்கின்றனர்.

இவ்வழக்கு நம் நாட்டு வானொலியிலேயே நடந்தது. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுப்பன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவை குறைந்து, ஏறத்தாழ மறைந்தே போயின. சாஸ்திரிய சங்கீதத்திற்கு நேரம் மிகுந்தது. வித்துவான்கள் பலர் அதனால் ஆதரவு பெற்றனர். அந்நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் கேட்பவர் எத்தனை பேர், அவர் விரும்புவது யாது என்பது அங்கே பொருட்படுத்தப்படவில்லை. நேயர்கள் வாதாடவுமில்லை, வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டனர்! அவ்வாண்டின் இறுதியிலேயே இலங்கை வானொலியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கிற்று. 1957இல் பிறந்த விவித பாரதியின் வாயிலாகத்தான் நம் வானொலி திரைப்பாடல்களுக்கு மீண்டும் இடமளித்தது.

கீத்மாலாவில் நடந்ததோ எண்ணின் ஆட்சி. இசைத்தட்டு விற்பனையையும் நேயர் கடிதங்களையும் கொண்டு பாடல்கள் வரிசை பெற்றன. புதன்கிழமை இரவுகளில் நாடே அதற்குச் செவிசாய்த்தது. ஆனால் இசைத்தட்டு வாங்க வசதியற்றவன் அவ்வெண்ணில் இல்லை. எழுதப் படிக்க அறியாத தாய் இல்லை. எண்ணப்பட்டோருள்ளும், பாட்டு ஒருவனுடைய துயரை ஆற்றிற்றா, அல்லது வீட்டு வேலைக்கிடையே வெறுமனே ஒலித்து ஓய்ந்ததா என்பதை வரிசை எண் எங்ஙனம் கூறும்?

இவ்விரு கரைகளையும் இணைத்தவராக சி.வி. ராமனை நாம் கருதுகின்றோம். 1917 வரை அவர் அரசின் கணக்குத் துறையில் அலுவல் பார்த்தவர் (கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மனோர்க்கு இதில் சிறு பெருமிதம் உண்டு). வெறுந்தோலைத் தட்டினால் எழும் கிளையொலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கருநிறச் சோற்றைப் படிப்படியாக இட்டு, தட்டித் தட்டிக் கேட்டு, போதும் என்று நிறுத்துகின்றான் கைவினைஞன். அவனுக்கு அளவுகோல் செவியே. அவ்வொலியை ஆராய்ந்த ராமன், முழு எண் மடங்குகளாய் அமைந்த ஐந்து இசைவொலிகள் அதிலிருந்து பிறத்தலை 1934இல் விரிவாக விளக்கினார். செவி முன்னரே கண்டிராவிடில் அளப்பதற்கு ஒன்றும் இருந்திராது. அளந்திராவிடில், செவி கண்டதன் காரணம் விளங்கியிராது. எந்தச் சொல்லில் கேட்பவர் நெஞ்சு நெகிழும் என்று அவ்வாராய்ச்சி உரைக்க முற்படவில்லை. அந்த அடக்கமே நமக்கு மிகவும் உவப்பானது.

பிற மாநிலங்களில் வாழும் நம் சங்கங்கட்கு இது ஏட்டளவிலான வினா அன்று. மெல்லிசைக்கு அரங்கு நிறைகின்றது. கச்சேரிக்குப் பாதி நாற்காலிகள் காலி. ஒரு சாரார் நுழைவுச்சீட்டுக் கணக்கை நீட்டுகின்றனர். மறுசாரார் மரபைப் பேசுகின்றனர். கச்சேரிக்கு வந்திருந்தோரிடம், எது நெஞ்சில் நின்றது, பிள்ளைகளை ஏன் அழைத்து வரவில்லை என்று எவரும் வினவுவதில்லை. நம் குடியிருப்புகளில் பாட்டுக் கற்கும் சிறுவர் எத்தனை பேர், ஈராண்டுக்குப் பின்னும் தொடர்வோர் எத்தனை பேர் என்று மரபைப் பேசுவோரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அடுத்த விழாவிற்கு நிகழ்ச்சி வகுக்குமுன், செயற்குழுவினர் ஒரு பத்து வீடுகளுக்கேனும் சென்று, சற்று அமர்ந்து கேட்டு, கேட்டதைக் குறித்துக்கொண்டு வருவாராக. சீட்டுக் கணக்கையும் அக்குறிப்புகளையும் ஒரே மேசைமீது வைத்துப் பேசலாம்.