ஏரி காக்கப் பரிசுச் சீட்டா?

நல்ல காரியத்துக்குக் கெட்ட வழியில் பணம் வரலாமா? கோயில் குடமுழுக்குக்குக் கள்ளச் சந்தைக்காரன் நன்கொடை தந்தபோதெல்லாம் நாம் எழுப்பிய கேள்வி இது. அதே கேள்வியை இன்று ஏரிக்கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. கோயிலைக் கேட்பது நமக்கு எளிது. ஏரியோ நமக்கும் வேண்டியது. வேண்டிய பொருளைக் குறித்துக் கேட்கும்போதுதான் கேட்பவன் நேர்மை தெரியும்!

அமெரிக்காவின் வட எல்லையில் மினசோட்டா என்றொரு மாநிலம். பெயரிலேயே தண்ணீர்: ஆதிக்குடிகளான டகோட்டா மக்கள் மொழியில் ‘மினி’ என்றால் நீர். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,842 என்று அரசு கணக்குச் சொல்கிறது. மிசிசிப்பிப் பேராறு பிறப்பதும் அங்குள்ள இட்டாஸ்கா ஏரியில்தான். இத்தனை நீரையும் காக்கப் பணம் எங்கே? 1988இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து, அரசியல் சட்டத்திலேயே சுற்றுச்சூழலுக்கும் இயற்கை வளத்துக்குமான அறநிதி ஒன்றை நிறுவினர். அதே ஆண்டு, அரசே லாட்டரி நடத்தவும் இசைவு தந்தனர். 1990இல் இரண்டுக்கும் முடிச்சுப் போடப்பட்டது: லாட்டரியின் நிகர வருவாயில் நூற்றுக்கு 40 அந்த நிதிக்கு!

நிதிக்குப் போட்ட பூட்டை நாம் பாராட்டுகிறோம். முதலைத் தொடக் கூடாது. ஆண்டுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டியது. நாளை பிறக்கப்போகும் குழந்தைக்கு வாக்குரிமை இல்லை. அதன் பங்கைக் காக்கப் பூட்டு வேண்டும். அந்தப் பூட்டையும் ஆட்டிப் பார்த்தார்கள் சட்டமன்றத்தார். ஊர்களின் கழிவுநீர்த் திட்டங்களுக்காக 9 கோடியே 80 லட்சம் டாலர் கடன் எழுப்பி, அந்தக் கடனை அறநிதியிலிருந்து அடைப்பதென 2018இல் சட்டம் செய்தனர். கழிவுநீரைச் சுத்தம் செய்வது தேவையற்றதா? தேவைதான்! ஆனால், வழக்கமான செலவை அறநிதியின் தலையில் கட்டினால், அறநிதி எதற்கு? சூழல் காப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2019இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

வழக்குத் தொடுத்தவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள், தோழர்களே! சூழல் காப்பு அமைப்புகள். சீட்டு வாங்கித் தோற்றவர்கள் அல்லர்! பணம் அவர்களுடையது, ஆனால் கேட்க வேண்டும் என்ற நினைவே அவர்களுக்கு எழாது. ஏன்? அவன் ஏரிக்காகக் கொடுக்கவில்லை, பரிசுக்காகக் கொடுத்தான். வரி கொடுத்தவன், “என் பணம் என்ன ஆயிற்று?” என்று சட்டமன்றத்தின் கதவைத் தட்டுகிறான். சீட்டில் தோற்றவனோ, “என் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்” என்று தன் தலையில் தட்டிக்கொள்கிறான். கணக்குக் கேட்கும் குடிமகனை, கணக்குக் கேட்காத பக்தனாக்கிப் பணம் வாங்கும் வித்தை இது. தலையெழுத்தும் கிரகபலனும் பொய் என்று ஊர்தோறும் மேடையேறிச் சொல்லும் நாம், அரசே அதிர்ஷ்ட தேவதையின் பூசாரியாகி நிற்பதை எப்படி ஏற்பது?

“யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே, விரும்பியவன்தானே வாங்குகிறான்!” என்பார்கள். சாராயக் கடைக்காரனும் வெகு நாளாய்ச் சொல்லும் சமாதானம்தான் இது. வருமானத்தில் எத்தனை பங்கு போகிறது என்று பார்த்தால், லாட்டரிக்கு இருப்பவனைவிட இல்லாதவனே அதிகம் தருகிறான் என்று பல நாட்டு ஆய்வுகளும் கண்டிருக்கின்றன. ஏரியில் படகு வைத்திருப்பவனும், ஏரியைப் படத்தில் மட்டும் பார்த்தவனும் சமமாகச் செலுத்தினாலே அநீதி. இங்கோ படகு இல்லாதவன் அதிகம் செலுத்துகிறான்!

நீரைக் கெடுத்தவன் எங்கே போனான்? அதே மாநிலத்தில், சில்வர் பே என்னும் ஊரில் இரும்புத்தாது பிரிக்கும் ஆலை ஒன்று 1955 முதல் 1980 வரை சுப்பீரியர் ஏரியில் கழிவைக் கொட்டியது. நாளொன்றுக்குச் சுமார் 67,000 டன்! டுலூத் நகரக் குடிநீரில் கல்நார் போன்ற இழைகள் இருப்பது 1973இல் தெரிந்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்த பிறகே கழிவு தரைக்கு மாறியது. சுரங்கத்தார் வரியே கட்டுவதில்லை என்று நாம் சொல்லவில்லை. தாது உற்பத்திக்கு அங்கே வரி உண்டு. ஆனால், ஏரி காக்கும் அறநிதிக்கு ஆள் தேடியபோது, தாது அள்ளியவன் முகவரி நினைவுக்கு வரவில்லை; சீட்டுக் கடை வாசலில் நிற்பவன் முகவரிதான் வந்தது.

அயலானைச் சொல்லும்போது நம் வீட்டுக் கதையை மறைப்பது அறமாகாது. 1968இல் நம் இயக்கத்தின் அரசே தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டைத் தொடங்கிற்று. பரிசு விழாவிட்டாலும் பணம் நாட்டுக்குத்தானே என்று ஆறுதலும் சொல்லப்பட்டது. வரி போட மனமில்லாத ஏழை நாட்டு அரசின் தவிப்பு நமக்குப் புரிகிறது. புரிவதால் சரியென்று ஆகிவிடாது. 2003இல் வேறொரு ஆட்சி அதைத் தடை செய்தபோது, வருவாய் போயிற்றே என்று வருந்தியோர் உண்டு. கூலியைச் சீட்டில் விட்டவன் வீட்டு அடுப்பைப் பார்த்தவர்கள் வருந்தவில்லை.

வேறு வழி இல்லையா? அதே மினசோட்டா காட்டியிருக்கிறது! 2008இல் மக்கள் விற்பனை வரியை நூற்றுக்கு எட்டில் மூன்று பங்கு உயர்த்திக்கொள்ளத் தாங்களே வாக்களித்தனர். நீருக்கும், காட்டுயிர் வாழிடங்களுக்கும், பூங்காவுக்கும், கலைக்கும். வாங்கும் அளவுக்கு வரி; அங்கே உணவுப் பண்டங்களுக்கும் உடைக்கும் பொதுவாக விற்பனை வரி கிடையாது. அந்த மாநிலத்தில் அரசியல் சட்டத் திருத்தத்துக்குக் குறியிடாமல் விடும் சீட்டும் எதிர்ப்பாகவே எண்ணப்படும், அப்படியிருந்தும் வென்றது! “உங்கள் ஏரி, உங்கள் பணம், தருகிறீர்களா?” என்று முகத்துக்கு நேரே கேட்டால் மக்கள் தருகிறார்கள். கேட்கத்தான் அரசியல்வாதிக்கு நெஞ்சுரம் வேண்டும்.

2024 நவம்பரில் லாட்டரி ஏற்பாட்டை 2050 வரை நீட்டிக்க வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 75க்கும் மேற்பட்டோர் ஆம் என்றனர். கடனடைப்புக்கும் கழிவுநீர்த் திட்டங்களுக்கும் நிதியைத் தொடக் கூடாதென்ற தடையும் அத்துடன் சேர்ந்தது; பூட்டு இறுகியது, மகிழ்ச்சி! ஆனால் அந்த வாக்குச் சீட்டில் ஏரியும் லாட்டரியும் ஒரே கேள்விக்குள் கட்டப்பட்டிருந்தன. ஏரி வேண்டும், லாட்டரி வேண்டாம் என்பவன் எங்கே குறியிடுவான்? 2008இல் ஏற்ற விற்பனை வரி 2034இல் காலாவதியாகிறது. அதை நீட்டிப்பதா, அதற்கும் ஒரு சீட்டுக் கடை திறப்பதா என்று அன்று அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.