சகேயு ஒப்புவித்த கணக்கு



சீஷன் யார் என்று சபையில் கேட்டால், "ஜெபிக்கிறவன், வேதம் வாசிக்கிறவன், தசமபாகம் கொடுக்கிறவன்" என்று பதில் வரும். சரிதான். லூக்கா 19-ம் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவனாயிருந்த சகேயு காட்டத்தி மரத்தில் ஏறினதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட நடித்துக் காட்டும். இறங்கின பிறகு நடந்ததைத்தான் நாம் வேகமாய்த் தாண்டிவிடுகிறோம். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதோ நாலத்தனையாய்த் திரும்ப. இயேசு அவனிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக அங்கே எழுதியிருக்கவில்லை. குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது நியாயப்பிரமாணம் (எண்ணாகமம் 5:7). இவனோ ஆடு திருடினவனுக்குச் சொன்ன தண்டனையை (யாத்திராகமம் 22:1) தன் தலையில் தானே ஏற்றிக்கொண்டான்.

இதைப் பிரசங்கிக்க எனக்கு வெகுநாள் வாய் வரவில்லை. காரணம் உண்டு.

2003-ல், இரட்சிக்கப்படுகிறதற்கு முன்னே, ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிற வேலையிலிருந்தேன். கல்லாவிலிருந்து ஐம்பது, நூறு என்று எடுப்பேன். பிறகு ஞானஸ்நானம், அபிஷேகம், வேதாகமக் கல்லூரி டிப்ளமோ எல்லாம் ஆயிற்று. 2011-ல் ஒரு உபவாச ஜெபத்தில் முழங்கால் போட்டால், அந்தக் கல்லாப்பெட்டிதான் கண்முன் நிற்கிறது. கணக்குப் போட்டேன், ஆறாயிரத்துக்குக் குறையாது. "எல்லாம் சிலுவையில தீர்ந்துபோச்சே" என்று மனைவியிடம் சொன்னேன். "உங்க பாவந்தான் தீர்ந்தது. அவரு பணம் நம்மகிட்டதானே இருக்கு?" என்றாள். சீட்டுப் பணத்திலிருந்து 7,200 எடுத்துக் கொடுத்தாள். (நாலத்தனைக்கு வசதியில்லை, ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டேன்.)

முதலாளி நோட்டுகளை எண்ணினார். கோபப்படவில்லை. "அப்போ அந்தப் பையன் எடுக்கலியா?" என்றார்.

என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பியைத் திருடன் என்று சொல்லித் துரத்தியிருந்தார்கள். எனக்கு அப்பவே தெரியும், பிரியமானவர்களே. அதை நான் ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை.

விசாரித்து விசாரித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவனைக் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டான். "எங்கப்பா சாகிறவரைக்கும் என்னை நம்பலண்ணே" என்றான். அவன் கையில் நான் எதை நாலத்தனையாய் வைப்பேன்? பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க. தெருவுல நாலு பேர் கேக்கிற மாதிரி சொல்லுங்க" என்றான்.

அந்தத் தெருவில் நம் சபைக் குடும்பங்கள் மூன்று இருந்தன. ஒரு வாரம் தூக்கமில்லை. பிறகு போனேன், சொன்னேன். அந்தத் தாய் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், ஒன்றும் பேசவில்லை. அந்த மூன்றில் இரண்டு குடும்பம் சபையை விட்டுப் போயிற்று. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அந்தத் தம்பி இன்னும் ஆலயத்துக்குள் வந்ததில்லை. இந்த வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அவனுக்காக ஜெபிப்போம். காலை பத்து மணிக்கு ஆரம்பம். யாருக்காவது எதையாவது திருப்பிக் கொடுக்கவேண்டியவர்கள் முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள், தாமதமானாலும் பரவாயில்லை.