அமர ஓர் இடம்

ஏரல் வட்டாரத்தில் ஒரு வீட்டில் திருமணம் உறுதியானால், ஜவுளி எடுக்க நெல்லைக்குப் புறப்படுவது நெடுநாள் வழக்கம். ஏரலிலேயே கடைத்தெரு உண்டு. ஆயினும் கலியாணப் பட்டு என்றதும் வடக்கு ரத வீதியும் வண்ணார்பேட்டையும்தான் மனத்தில் எழுகின்றன. பாட்டி முதல் பேத்திவரை குடும்பமே கிளம்பும். அக்கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஒரு தாயேனும் இருப்பாள். “பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு இவள் ஏன் வரவேண்டும்? வீட்டில் இருந்தால் என்ன?” என்று கேட்போரும் உண்டு. எளிய கேள்விபோல் தோன்றினும், இதனுள் ஓர் அறவினா அடங்கியிருக்கிறது. பிள்ளையைச் சுமப்பவளுக்குப் பொது இடத்தில் நாம் தரும் இடம் நமது இரக்கமா, அல்லது அவளுக்கு நாம் பட்ட கடனா?

முதலில் நம் மக்களின் நற்பண்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீவைகுண்டம் வழியாகச் செல்லும் பேருந்து எவ்வளவு நெரிந்தாலும், குழந்தையோடு ஒருத்தி நிற்கக் கண்டால், அமர்ந்திருப்போருள் யாரேனும் “பிள்ளையை இங்கே தாம்மா” என்று கை நீட்டுவர். முன்பின் அறியாதவர் மடிக்குப் பிள்ளை போய்விடும். தாயும் தயங்காமல் தருகிறாள். ஒருவரையொருவர் நம்பும் சமுதாயத்திலன்றி இது நிகழாது.

எருசலேம் கோவிலில் முதியவர் சிமியோன் குழந்தை இயேசுவைக் கைகளில் ஏந்திய காட்சியை இது நினைவூட்டுகிறது. அன்று யோசேப்பும் மரியாவும் பச்சிளங்குழந்தையோடு நகருக்கு வந்திருந்தனர். ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளுக்குச் சட்டம் அனுமதித்த இரண்டு பறவைகளே அவர்களது காணிக்கை. குழந்தையை ஏந்திய கைகளைப் பற்றி எழுதிய லூக்கா, அன்னை அமர இடம் கிடைத்ததா என்பதை எழுதவில்லை.

நம் பேருந்திலும் அதுதானே நிகழ்கிறது? பிள்ளைக்கு மடி கிடைக்கிறது; தாயோ கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றே வருகிறாள். நகரில் இறங்கிய பின் அந்த மடியும் இல்லை. ஒரு தோளில் துணிப்பை, மறு தோளில் பிள்ளை. மற்றவர்கள் பட்டின் கரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பசித்தழும் பிள்ளைக்குப் பாலூட்ட ஒரு மறைவைத் தேடுகிறாள். சேலை மாற்றிப் பார்க்கும் அறையிலோ, மாடிப்படியின் திருப்பத்திலோ அரைகுறையாகப் பாலூட்டித் திரும்புகிறாள்.

அவளுக்கு எதிரே சேலைகளை விரித்துப் போடும் விற்பனைப் பெண்ணையும் நாம் காண வேண்டும். அவளும் காலைமுதல் நின்றுகொண்டிருப்பவளே. அவளது பிள்ளை ஏதோ ஓர் ஊரில் பாட்டியின் பொறுப்பில் இருக்கக்கூடும். கடைப் பணியாளர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டுமென்று கேரளம் 2018இலும் தமிழகம் 2021இலும் சட்டத்தைத் திருத்தின. ஒரு மனிதப் பிறவி உட்கார்வதற்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதே நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டாமா?

இரக்கம் உயர்ந்தது, ஆனால் அது அந்தந்த வேளையின் மனநிலையைச் சார்ந்தது. இன்று கை நீட்டுபவர் நாளை முகம் திருப்பிக்கொள்ளலாம். நீதியோ, அவரவர்க்கு உரியதை அளிக்கும் நிலையான மனவுறுதி என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்த பாடம். தாய்க்கு உரியது எது? நம்முள் எவரும் பிறர் தோளில் கிடக்காமல் வளர்ந்ததில்லை. மெய்யியலார் மனிதனை எப்போதும் வலிமையுள்ளவனாகவே எண்ணிக்கொண்டு, அவன் பிறரைச் சார்ந்து வாழ்வதை மறந்துவிட்டனர் என்று அலஸ்டேர் மெக்கின்டையர் 1999இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நகரை அமைப்போரும் அப்படித்தான் மறந்துவிடுகிறார்கள். வெறுங்கையோடு வேகமாக நடப்பவனை அளவாகக் கொண்டே கடையும் படியும் பேருந்தும் அமைகின்றன. ஆகவே தாய்க்கு இடம் தருவது சலுகையன்று; நாம் குழந்தைகளாயிருந்தபோது பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்துவதாகும்.

2015 ஆகஸ்ட் 3 அன்று தமிழக அரசு 352 பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. இரக்கத்தை நீதியாக்கும் முயற்சி என இதனைப் பாராட்டுகிறோம். எனினும் அறை கட்டியதோடு கடமை முடிவதில்லை. திறவுகோல் எங்கோ இருக்க, கதவு பூட்டிக் கிடந்தால் அது யாருக்குப் பயன்? மேலும், அறை ஒன்று இருப்பதாலேயே “அங்கே போய்விடு” என்று தாயை எங்கும் விரட்டவும் கூடாது. தனிமையை விரும்புபவளுக்கு அறை வேண்டும். இருந்த இடத்திலேயே பாலூட்டுபவளுக்கு நமது பார்வையின் கண்ணியம் வேண்டும். 2014 சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், பசிக்கும் பிள்ளைகளுக்கு அங்கேயே பாலூட்டத் தயங்க வேண்டாமென அன்னையரிடம் கூறினார். ஆலயத்திலே தகுமெனில் ஜவுளிக்கடையில் தகாதா?

“வீட்டில் இருந்தால் என்ன?” என்ற கேள்விக்கு இனி விடை கூறலாம். தங்கையின் கலியாணப் பட்டைத் தேர்ந்தெடுக்கும் மகிழ்ச்சியில் அவளுக்கும் பங்குண்டு. பிள்ளை பெற்றதற்காக ஒருத்தியை மகிழ்ச்சியிலிருந்து விலக்கி வைப்பது தாய்மையைப் போற்றுவதாகாது, தண்டிப்பதாகும். தாய்மையைப் பற்றி மேடைகளில் நாம் பேசாத பேச்சில்லை. கடைக்காரர் இரண்டு நாற்காலிகளைப் போடட்டும். கணவன் பிள்ளையை வாங்கிக்கொள்ளட்டும். மனைவி இரு கைகளாலும் பட்டைத் தொட்டுப் பார்க்கட்டும். பேருந்தில் அமர்ந்திருக்கும் நாம், “பிள்ளையைத் தா” என்று கேட்பதோடு நில்லாமல், எழுந்து நின்று “நீ உட்காரம்மா” என்று சொல்வோமாக.