மிதவைகளைச் சுட்ட ஐந்து மணி நேரம்

1944 மார்ச் 13 மாலை, ஃப்ரீடவுனிலிருந்து தென்னமெரிக்கா நோக்கிச் சென்ற கிரேக்க சரக்குக் கப்பல் பீலியஸை ஜெர்மனியின் யு-852 நீர்மூழ்கி டார்பிடோ வீசி மூழ்கடித்தது. பிரிட்டன் வாடகைக்கு எடுத்திருந்த கப்பல் அது. போரில் அதை மூழ்கடித்ததை யாரும் குற்றமாக்கவில்லை. குற்றம் அதன் பிறகு நடந்தது. மிதவைகளில் தொற்றிக்கிடந்தவர்களில் ஒரு கப்பல் அதிகாரியைக் கூப்பிட்டு விசாரித்து, மறுபடி மிதவைக்கே அனுப்பிவிட்டு, மிதவைகளை இயந்திரத் துப்பாக்கியால் சுடச் சொன்னார் தளபதி ஹைன்ஸ் எக். கையெறி குண்டுகளும் வீசப்பட்டன. கடைசியில் உயிர் தப்பியவர்கள் மூன்றே பேர்.

1945 அக்டோபரில் ஹாம்பர்க்கில் கூடிய பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தில் எக் வெறுப்பைக் காரணமாகச் சொல்லவில்லை, தேவையைச் சொன்னார். மிதக்கும் சிதைவுகள் விமானங்களின் கண்ணில் பட்டால் தன் படகையும் மாலுமிகளையும் வேட்டையாடிவிடுவார்கள் என்றார். இது வெறும் சால்ஜாப்பு அல்ல, அந்தக் கடலில் அந்தப் பயத்துக்கு இடமிருந்தது. ஆனால் பயந்தவர் செய்ய வேண்டியது அங்கிருந்து ஓடுவது; எக் ஐந்து மணி நேரம் அங்கேயே சுற்றினார். தானாக இருந்தால் விலகிப் போயிருப்பேன் என்றே சாட்சி சொன்னார் இன்னொரு நீர்மூழ்கித் தளபதி அடல்பெர்ட் ஷ்னே. அதோடு, கடலில் பரவிய எண்ணெய்ப் படலத்தை எந்தத் துப்பாக்கியாலும் அழிக்க முடியாது. சரி, சுட்டதால் தடயம் முழுக்க அழிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு நேராகாது. ஆபத்து சிப்பாயின் தொழிலோடு வருவது; ஆயுதமில்லாமல் தண்ணீரில் கிடப்பவன் உயிரைக் கொடுத்து அந்த ஆபத்திலிருந்து தப்பிக்கொள்ளும் உரிமை சிப்பாய்க்குக் கிடையாது.

ஜெயித்தவர்கள் இதே வேலையைச் செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தார்கள். 1943 ஜனவரியில் அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ, ஜப்பானின் புயோ மாருவை மூழ்கடித்துவிட்டு, அதிலிருந்து தப்பியவர்கள் இருந்த படகுகளைச் சுட்டது. தண்ணீரில் தத்தளித்தவர்களில் போர்க்கைதிகளான இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். வாஹூவின் தளபதி மார்ட்டன் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. இது அமெரிக்காவுக்கு அவமானம். ஆனாலும் அவர் விசாரிக்கப்படாமல் போனதால் எக் செய்தது நியாயமாகிவிடாது. விசாரிக்கப்பட வேண்டியவர் இன்னொருவர் என்றுதான் ஆகிறது.

மேலிடத்து உத்தரவுக்குக் கட்டுப்பட்டோம் என்றார்கள் எக்கின் கீழே இருந்தவர்கள். இதற்கான பதில் அந்தப் படகிலேயே இருந்தது. இதில் எனக்கு உடன்பாடில்லை என்று எக்கிடமே சொன்னவர் எஞ்சினியர் அதிகாரி லென்ஸ். அப்படியானால் இது தவறென்று அன்றிரவே தெரிந்திருக்கிறது. அதே லென்ஸ் பிறகு, சுட்டுக்கொண்டிருந்த மாலுமியிடமிருந்து துப்பாக்கியை வாங்கித் தானே சுட்டார். எக்கும் அவருக்குக் கீழே இருந்தவர்களில் இருவரும் தண்டனையாக 1945 நவம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டனர். லென்ஸுக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை.