கடைக்காரர் அறியாத விலை

கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியால் தெற்கே சென்றால், சிறிது நேரத்தில் வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாய்த் தோன்றும். அதுதான் காத்தான்குடி. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையிலே நெருக்கமாய் வீடுகளும் கடைகளும். நத்தாருக்குச் சீலை எடுப்பதற்கும் கலியாணத்துக்குச் சாமான் வாங்குவதற்கும் எங்கள் குடும்பங்கள் அங்கே போய் வருவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. சென்ற வருடம் ஓகஸ்டில் நான் போனது வேறு காரியத்துக்கு. இலண்டனிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் மருமகன், அதாவது அக்காவின் மகன், பழைய இசைத்தட்டுத் தேட வேண்டும் என்றான்.

"இந்தக் காலத்தில் இசைத்தட்டா?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். ஒலிநாடா வந்து போயிற்று; குறுந்தட்டும் வந்து போயிற்று; இன்று பாட்டெல்லாம் கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டது. ஆயினும் மேல்நாடுகளில் பழைய கறுப்புத் தட்டுகளைத் தேடித் திரியும் கூட்டம் ஒன்று உண்டு. அரக்கினால் செய்த 78 சுற்றுத் தட்டு கைதவறினால் உடைந்துவிடும். 1948இல் வந்த 33 சுற்றுப் பெரிய தட்டும், அடுத்த வருடம் வந்த 45 சுற்றுச் சின்னத் தட்டும் வைனில் என்னும் பொருளால் ஆனவை, எளிதில் உடையமாட்டா. ஆகையால்தான் தாத்தா வாங்கிய தட்டைப் பேரன் இன்றும் போட்டுக் கேட்க முடிகிறது.

நாங்கள் நுழைந்தது ஒழுங்கை ஒன்றின் உள்ளே இருந்த பழைய சாமான் கடை. பெற்றோமாக்ஸ் விளக்கு, தையல் இயந்திரத் தலை, வால்வு போன வானொலிப் பெட்டிகள், பித்தளைக் குத்துவிளக்கு. பின்னால் ஒரு வாங்கின் கீழே பலகைப் பெட்டி. இப்பக்கத்தில் இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர்களுடையவை. கந்தூரிக்குப் போனால் நாகூர் ஹனிபா, கோயில் திருவிழாவுக்குப் போனால் சீர்காழி கோவிந்தராஜன், எங்கள் திருநாளுக்கு வந்தால் மாதா பாடல், கலியாண வீட்டிலே சினிமாப் பாட்டு என்று எல்லாச் சமயமும் ஒரே பெட்டிக்குள்ளே அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். பெட்டியின் சொந்தக்காரருக்குச் சண்டை மூட்ட நேரம் இருந்ததில்லை. அடுத்த வீட்டுக்குக் கம்பி இழுக்க வேண்டும்.

மருமகன் நிலத்தில் குந்தி ஒவ்வொரு தட்டாய் எடுத்து, வெளிச்சத்துக்குச் சரித்துக் கீறல் பார்த்தான். உள்விளிம்பில் பொறித்திருக்கும் இலக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தான். ஒரு மணித்தியாலம் சென்றிருக்கும். திடீரென்று அவன் கை நின்றது. சின்னத் தட்டு ஒன்று. 1970களில் நம் நாட்டில் எழுந்த தமிழ்ப் பொப் பாடல் வகையைச் சேர்ந்தது. அதை இரண்டு ஜிம் ரீவ்ஸ் தட்டுகளுக்கு நடுவே சொருகினான். (ஜிம் ரீவ்ஸ் இல்லாத பெட்டி இலங்கையிலே இராது.) பிறகு பத்துத் தட்டுகளை அடுக்கி, கொட்டாவி விட்டபடி, "இதெல்லாம் எவ்வளவு காக்கா?" என்றான்.

"ஆயிரம் ரூபா தாங்க தம்பி."

பேரம் பேசி எண்ணூறுக்கு இறக்கினான். ஓட்டோவில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தான். "மாமா, இந்த ஒண்டு மட்டும் இலண்டனில நூறு பவுணுக்குக் குறையாது." ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபா.

"அந்த மனுசனுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றேன். வீடு வரும்வரை வாக்குவாதம்.

அவன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நான் பொய் சொன்னேனா? இல்லை. வற்புறுத்தினேனா? இல்லை. விலையைச் சொன்னவர் அவர். பதினைந்து வருடமாகச் சனிக்கிழமைகளைச் செலவழித்துக் கற்ற அறிவுக்குக் கூலி வேண்டாமா? நான் எடுத்திராவிட்டால் அந்தத் தட்டு வாங்கின் கீழே கறையானுக்கு இரையாகியிருக்கும். இப்படி அடுக்கினான்.

அந்தச் சனிக்கிழமைகள் கழிந்த இடம் எது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலே தர்மக் கடைகள் என்று உண்டு. வேண்டாத உடுப்பு, புத்தகம், கோப்பை, இசைத்தட்டு முதலியவற்றைச் சனங்கள் இலவசமாகக் கொடுக்கிறார்கள்; பெரும்பாலும் தொண்டர்களே நின்று விற்கிறார்கள்; வருமானம் ஏழைகளுக்கோ நோயாளருக்கோ போகிறது. 1942இல் தொடங்கிய ஒக்ஸ்பாம் நிறுவனம் அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே ஒக்ஸ்போர்ட் நகரின் புரோட் வீதியில் கடை திறந்துவிட்டது. 1833இல் பாரிசில் ஒசானாமும் தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் டி போல் சபைக்கும் பல நாடுகளில் இத்தகைய கடைகள் உண்டு. அவுஸ்திரேலியாவில் வாழும் நம்மவர் அவற்றை 'வின்னிஸ்' என்ற செல்லப் பெயரால் அறிவர். டூட்டிங், ஈஸ்ட்ஹாம் பக்கத்துக் கடைகளில் கண்ணாடி போட்ட கிழவி ஒருத்தி எல்லாத் தட்டுக்கும் ஒரே விலையாக இரண்டு பவுண் என்று ஒட்டிவைப்பாளாம். அதற்குள் நூறு பவுண் தட்டு ஒன்றைப் பொறுக்கி எடுப்பதே விளையாட்டு என்றான். இப்போது சில கடைகள் விசயம் தெரிந்தவர்களைக் கொண்டு விலை பார்க்கத் தொடங்கிவிட்டனவாம். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு குறை தெரிந்தது.

எனக்கு இரண்டாவது கடைதான் அதிகம் உறுத்தியது. காத்தான்குடி முதலாளி வியாபாரி. இன்று தோற்றால் நாளை வெல்வார். அந்தக் கிழவியோ தன்னுடையதல்லாத பொருளை விற்கிறாள். கணவனைப் புதைத்த ஒரு பெண் அவன் ஆசையாய்ச் சேர்த்த தட்டுகளை, யாரோ ஒரு ஏழைக்கு உதவட்டும் என்று பெட்டியோடு தூக்கிக் கொடுத்திருப்பாள். இரண்டு பவுணுக்கும் நூறு பவுணுக்கும் இடையே கிடப்பது அந்த ஏழையின் சாப்பாடு. அதைத் தள்ளுபடி செய்ய விற்கிறவளுக்கு உரிமை இல்லை. தள்ளுபடி செய்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரியாது.

இந்த வழக்கு மிகப் பழையது. கி.மு. 44இல் சிசரோ எழுதிய 'கடமைகள்' என்னும் நூலில் ஒரு வியாபாரி வருகிறான். றோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு முதலில் வந்து சேர்ந்த இவனுக்கு, பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பது தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? பபிலோனியனாகிய தியோஜெனிஸ் வேண்டாம் என்கிறார். அவருடைய சீடர் அந்திப்பாத்தர் வேண்டும் என்கிறார். சிசரோ சீடரின் பக்கம் சாய்கிறார். புனித தோமஸ் அக்குவினாரோ, நடப்பு விலைக்கு விற்றுவிட்டு வாய் மூடியிருப்பவன் நீதியை மீறவில்லை, சொல்லிவிட்டால் அது மேலான புண்ணியம் என்று சற்றுத் தளர்த்தித் தீர்ப்புச் சொல்கிறார். மருமகனுக்கு இது பிடித்தது. ஆனால் அதே இடத்தில் சற்று முன்னால் அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். தன் கையிலுள்ளது தங்கம் என்று அறியாமல் பித்தளை என்று நினைத்து ஒருவன் விற்க, அதைத் தெரிந்துகொண்டே வாங்குகிறவன் அநீதியாய் வாங்குகிறான். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவன்.

அப்படியானால் நம்முடைய தட்டு தானியமா, தங்கமா? தட்டு என்று தெரிந்துதானே காக்கா விற்றார், பித்தளை என்று நினைக்கவில்லையே என்று மருமகன் வாதாடினான். கெட்டிக்காரத்தனமான வாதம்தான், எனக்கும் உடனே பதில் வரவில்லை. அரியது என்பது பொருளின் தன்மையா, சந்தையின் நிலைமையா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பதிலை அவன் கையே கொடுத்துவிட்டது என்று பின்னர் தோன்றிற்று. தட்டை ஏன் ஜிம் ரீவ்சுக்கு நடுவே சொருகினான்? ஏன் கொட்டாவி விட்டான்? அறிவுக்குக் கூலி கேட்பவன் அறிவை மறைக்க வேண்டியதில்லை. மேசன் தன் மட்டப்பலகையை ஒளிப்பதில்லை. வைத்தியர் தன் படிப்பை ஒளிப்பதில்லை. தேடிக் கண்டெடுக்கும் உரிமையை அந்தப் பதினைந்து வருட உழைப்பு அவனுக்குக் கொடுத்தது உண்மை. காக்காவைத் தெரியாமலே வைத்திருக்கும் உரிமையை அது எப்படிக் கொடுக்கும்?

இவ்விடத்தில் அவன் சும்மா இருக்கவில்லை. "மத்தேயு 13ஆம் அதிகாரத்தில நிலத்தில புதையல் கண்டவன் என்ன செய்தவன் மாமா? ஒளிச்சுப்போட்டுத்தானே போய் நிலத்தை வாங்கினவன்?" இளைஞர்கள் வேதாகமம் வாசிப்பதில்லை என்று குறை சொல்பவர்கள் என் மருமகனோடு ஒரு தரம் பேசிப்பார்க்கட்டும். அநீதியுள்ள கண்காணிப்பாளனின் உவமையைப் போலவே இதிலும் கதாபாத்திரத்தின் வியாபார முறைக்கு நற்சாட்சி கொடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம். அக்குவினார் வேறு வழியால் வருகிறார். நிலத்தையே வாங்கியபடியால்தான் புதையல் முழுவதற்கும் அவனுக்கு உரிமை வந்தது என்கிறார். எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. அவன் தனக்கிருந்த எல்லாவற்றையும் விற்றல்லவா வாங்கினான்! எண்ணூறு ரூபாவுக்கு அல்லவே.

நான் வென்றுவிட்டதாக நினைத்த அந்த நேரத்தில், "உங்கட வின்சுலோ?" என்றான்.

வாசகர்களுக்கு விளக்க வேண்டும். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் என்னோடு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் காலமானார். அவருடைய மனைவி புத்தகங்களைத் தாள் விலைக்கு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளே 1862இல் சென்னையில் அச்சான வின்சுலோ அகராதியின் பழைய பிரதி. பார்த்தவுடன் அறிந்துகொண்டேன். நிறுவைக்கு மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடைக் கொஞ்ச நாள் நினைவில் வைத்திருந்தேன், பிறகு மறந்துபோனேன். வீட்டிலே எல்லோருக்கும் அதைக் கெட்டித்தனமாகக் கதையாய்ச் சொன்னவனும் நானே. இல்லாவிட்டால் மருமகனுக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மா இப்போது இல்லை.

புனித அகுஸ்தீன் திரித்துவம் பற்றிய நூலின் 13ஆம் புத்தகத்தில் ஒன்றைக் குறிப்பிடுகிறார். மலிவாய் வாங்கி விலையாய் விற்பதே உங்கள் எல்லோருடைய ஆசையும் என்று நடிகன் ஒருவன் மேடையில் சொல்ல, சபை முழுவதும் ஒத்துக்கொண்டு ஆரவாரித்ததாம். அப்படியல்ல, எனக்கு ஒருவரைத் தெரியும் என்கிறார் அகுஸ்தீன். கையெழுத்துப் புத்தகம் ஒன்றை விற்க வந்தவன் அதன் பெறுமதி அறியாமல் சொற்பம் கேட்டான். அந்த மனிதரோ அவன் எதிர்பாராத நியாய விலையை எடுத்துக் கொடுத்தார். ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முந்திய பழம்புத்தக வியாபாரம்! அந்த வரிகளை நான் வாசித்தது வின்சுலோ என் அலுமாரிக்குள் வந்து பல வருடங்களின் பின்.

மருமகன் விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்னர் இருவரும் மறுபடி காத்தான்குடிக்குப் போனோம். நான் கூப்பிடவில்லை, அவனே புறப்பட்டான். விசயத்தைச் சொல்லி, தட்டையும் இருபதாயிரம் ரூபாவையும் மேசையில் வைத்தான். பாதி உங்களுக்கு, பாதி என் தேடலுக்கு என்றான். அந்தக் காக்கா முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தார்.

"ஜரீர் இப்னு அப்துல்லாஹ் எண்டு ஒரு நபித்தோழர். வேலைக்காரன் ஒரு குதிரைய முந்நூறு திர்ஹத்துக்குப் பேசிக்கொண்டு வந்தான். இவர் குதிரையப் பார்த்துப்போட்டு, இது முந்நூறுக்கு மேல பெறும், நானூறுக்குத் தாறியா எண்டார். பிறகு ஐந்நூறு. அப்படியே ஏத்தி எண்ணூறு குடுத்துத்தான் வாங்கினார். தம்பியும் எண்ணூறுதான் தந்தீங்க. அவர் மேல ஏறி எண்ணூறு. நீங்க கீழ இறங்கி எண்ணூறு."

மருமகனின் காது சிவந்துவிட்டது. காக்கா அதோடு விடவில்லை. தன் கணக்கையும் எடுத்தார். அந்தப் பெட்டியைப் பழைய வானொலி ஒன்றோடு சேர்த்துத் தெற்கே ஒரு கிராமத்து வீட்டில் வாங்கினாராம். வானொலிக்குத்தான் விலை பேசினார். தட்டுகளுக்குத் தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஐயாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளினார். "மாஸ்டர், நீங்க இஞ்ச ஊரில இருக்கிற ஆள். அந்த வீட்டாக்களத் தேடிக் குடுங்க." தட்டின் நடுவில் ஒட்டிய தாளிலே நீல மையால் ஒரு பெயரும் ஊரும் எழுதியிருந்தன. அக்காலத்தில் எல்லோரும் அப்படி எழுதுவார்கள்; இரவல் போன தட்டு திரும்பிவர வேண்டுமே.

1978 நவம்பர் சூறாவளி, 1990இல் இரு சமூகத்தாரும் பட்ட சாவும் ஓட்டமும், 2004 டிசம்பர் 26இன் கடல் எல்லாவற்றையும் கண்ட கரை இது. யாருடைய பொருள் யாருடைய வீட்டில் என்று ஆராயப் புறப்பட்டால் பல கதவுகளைத் தட்ட வேண்டிவரும். நான் ஒரு கதவைத்தான் தட்டினேன். வீடு இருந்தது, ஆள் வேறு. பெயருக்குரியவர் காலமாகிவிட்டார், மகள் குடும்பம் திருகோணமலைப் பக்கம் போய்விட்டது என்று அயலவர்கள் சொன்னார்கள். விலாசம் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

பதினையாயிரம் ரூபா கடித உறையில், வின்சுலோவுக்குள் கிடக்கிறது. ஞாயிறுதோறும் பூசை முடிந்த நேரம் பார்த்து இலண்டனிலிருந்து தொலைபேசி வரும். மருமகன் கேட்பது இரண்டு கேள்வி. தட்டுக்காரரின் மகள் கிடைத்தாவா என்பது ஒன்று. மற்றது, அந்த ஆசிரியரின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது.