ஆறு மணிக்கு மேல் அவர் யாருடைய ஆள்?

2022 ஆகஸ்டில் விப்ரோவின் தலைவர் ரிஷத் பிரேம்ஜி ட்விட்டரில் ஒரு சிறு பதிவு போட்டார். ஐ.டி. துறையில் ஓரிடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே இன்னோரிடத்திலும் வேலை பார்ப்பது அப்பட்டமான ஏமாற்று என்பது அதன் சாரம். அடுத்த மாதமே, போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து உழைத்த 300 பேர் பிடிபட்டதாகவும் அவர்களை நீக்கிவிட்டதாகவும் அறிவித்தார். இன்ஃபோசிஸ் முதலில் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பியது. அக்டோபரில் முன் அனுமதி வாங்கிக்கொண்டு வெளிவேலை செய்யலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தது. ஸ்விக்கி ஆகஸ்டிலேயே தன் ஊழியர்களுக்கு அந்த அனுமதியைக் கொடுத்திருந்தது.

போட்டி நிறுவனத்துக்கு உழைப்பதும், அலுவலக ரகசியத்தை வெளியே கொண்டுபோவதும், ஒரே மணி நேரத்தை இரண்டு பேருக்கு விற்பதும் தவறு. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஆறு மணிக்கு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, எட்டிலிருந்து பத்து வரை ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெப்சைட் செய்து கொடுப்பவர் யாரிடமிருந்து எதை எடுத்துவிட்டார்? முதலாளி விலைக்கு வாங்கியது மணி நேரத்தையா, ஆளையா?

யூத மதச் சட்டம் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறது. மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘மிஷ்னே தோரா’வில் கூலி பற்றிய பகுதி ஒன்று உண்டு. பகலில் கூலிக்குப் போகிறவன் இரவில் தன் சொந்த வேலையைச் செய்யக் கூடாது என்கிறார். தன் மாட்டை இரவில் உழைக்க விட்டுவிட்டு, பகலில் அதையே வாடகைக்கு விடவும் கூடாது. தான் பட்டினி கிடந்து தன் சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது. உடம்பு தளர்ந்தால் மறுநாள் முதலாளிக்குச் சேர வேண்டிய உழைப்பு குறையும். அது களவுக்குச் சமம். லாபானிடம் ஆடு மேய்த்த யாக்கோபு தன் முழு பலத்தோடும் உழைத்தார் என்று வேதம் சொல்கிறதே, அதுதான் அளவுகோல்.

அந்த மூன்றாவது விதியை எளிதில் கடந்துபோக முடியாது. களைப்புக்கு ஒரு விலை உண்டு, அதை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும் என்கிற அளவில் அது முழுக்க உண்மை. விடிய விடிய வேறு வேலை பார்த்துவிட்டு வண்டி ஓட்ட உட்காரும் டிரைவரையும், ஐசியு ட்யூட்டிக்கு வரும் நர்ஸையும் நினைத்தால் போதும். ஆனால் தன் சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டும் அளவுக்கு ஒரு கூலியாள் நிற்கிறார் என்றால், முந்தின நாள் அவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்று கேட்காமல் அவரைத் திருடர் என்பது பாதி நியாயம்தான். மீதிப் பாதியும் அதே நூலில் இருக்கிறது: கூலியைப் பிடித்து வைத்துக்கொள்பவன் அந்த ஆளின் உயிரையே பறித்தவன் போலாவான் என்று சில பக்கங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறார்.

மைமோனிடிஸின் சொந்த வாழ்க்கை இதற்கு இன்னும் அழுத்தமான சாட்சி. எகிப்தில் அவர் அரண்மனை மருத்துவர். சாமுவேல் இப்ன் திப்பன் என்ற மொழிபெயர்ப்பாளருக்கு 1199இல் எழுதிய கடிதத்தில் தன் நாளை விவரிக்கிறார். குடியிருப்பது ஃபுஸ்தாத்தில், சுல்தான் இருப்பது கெய்ரோவில். விடிந்ததும் அங்கே போக வேண்டும். பிற்பகலில் பசியோடு வீடு திரும்பினால், முன்கூடம் முழுக்க நோயாளிகள் காத்திருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுவார். இருபத்து நான்கு மணி நேரத்தில் அந்த ஒரு வேளைதான். பிறகு இரவு வரை, களைப்பில் படுத்தபடியே வைத்தியம் பார்ப்பார். சட்டத்தை எழுதிய கைதான் இந்தக் கடிதத்தையும் எழுதியது. அரண்மனைப் பணி போக, மனசாட்சி இழுக்கும் இன்னொரு பணியும் ஒரு மனிதருக்கு இருக்க முடியும் என்பதை அவர் வாழ்ந்தே காட்டினார்.

இஸ்லாமியச் சட்ட மரபு, குறிப்பாக ஹனஃபி மரபு, உழைப்பாளியை இரண்டாகப் பிரிக்கிறது. ஒருவருக்கே நேரத்தை ஒப்படைத்தவர் ஒரு வகை. வேலை வராத பொழுதும் அவர் தயாராக இருந்தால் கூலி உண்டு. அந்த நேரத்தில் அனுமதியில்லாமல் அடுத்தவருக்கு உழைக்கக் கூடாது. தையற்காரர், சாயக்காரர் போல ஊருக்கே உழைப்பவர் இன்னொரு வகை. அவருக்குச் செய்த வேலைக்குத்தான் காசு. இந்தப் பிரிவில் ஒரு நேர்மை தெரிகிறது. நேரத்தைக் கட்டிப்போட்டால், வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கூலி கொடு என்று முதலாளியையும் சேர்த்துக் கட்டுகிறது.

ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் ‘உரிமையின் தத்துவம்’ நூலில் கேள்வியை அதன் வேரில் பிடித்தார். ஒருவர் தன் திறமையை ஒரு காலவரம்புக்குள் பிறருக்கு விற்கலாம். தன் முழு நேரத்தையும், தன் முழு உழைப்பையும் விற்றால் தன்னையே விற்றதாகிவிடும். வேலைக்காரனுக்கும் அடிமைக்கும் உள்ள எல்லைக்கோடு அந்த வரம்புதான். இருபத்து நான்கு மணி நேரமும் எங்கள் ஆள் என்று ஒரு நியமனக் கடிதம் சொல்லும்போது அது இந்தக் கோட்டை மிதிக்கிறது. எல்லா வாதங்களிலும் வலுவானது இதுதான்.

இந்தியச் சட்டம் ஒரே குரலில் பேசவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 60ஆம் பிரிவில், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அன்றே இன்னொன்றிலும் ஒருவரை வேலைக்கு விடக் கூடாது என்றது. தொழிலாளியின் உடம்பைக் காக்கப் பிறந்த விதி அது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பின் கூடப்பிறந்தது. அலுவலக ஊழியரைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் நியமனக் கடிதத்தின் வாசகம். பணிக்காலத்துக்குள் வேறிடத்தில் வேலை செய்யாதே என்ற நிபந்தனை செல்லும் என்று கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது.

வருமான வரிச் சட்டமோ இந்தச் சச்சரவுக்குள்ளேயே வருவதில்லை. ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு முதலாளிகளிடம் வேலை செய்யலாம் என்பதை 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 192ஆம் பிரிவு இயல்பாக ஏற்றது. அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மற்றவர் தரும் சம்பள விவரத்தை அவரிடம் கொடுக்கலாம். அவர் இரண்டையும் கூட்டி வரியைப் பிடிப்பார். கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. முதல் வேலையில் ஆண்டுக்கு 12 லட்சம், பார்ட் டைம் வேலையில் 4 லட்சம் சம்பளம். நிலைக்கழிவு 75,000 போக முதல் நிறுவனத்தின் கணக்கில் 11,25,000. தள்ளுபடியால் வரி இல்லை. இரண்டாவது நிறுவனமும் அதே 75,000த்தைக் கழிக்கும். அங்கேயும் வரி இல்லை. இரண்டு இடத்திலும் ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் இல்லை. ஆனால் ரிட்டர்ன் போடும்போது கழிவு ஒரு முறைதான். மொத்தம் 15,25,000, செஸ் சேர்த்து வரி 1,13,100 ரூபாய்! நிலுவை 10,000 ரூபாயைத் தாண்டுவதால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளுக்குள் முன்கூட்டியே தவணைகளில் கட்டியிருக்க வேண்டும். தவறினால் மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி. சம்பளமாக இல்லாமல் தொழில்முறைக் கட்டணமாக வாங்கினால் 10 சதவீத டிடிஎஸ், நிலைக்கழிவு கிடையாது, எளிய ஐடிஆர்-1 படிவமும் உதவாது.

அறக்கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. அரசிடம் உண்மையாக இருக்க எளிய வழி முதல் நிறுவனத்தில் விவரம் சொல்வது. சொன்னால் வேலை போகலாம். பிஎஃப் கணக்கோ ஒரே யுஏஎன் எண்ணின் கீழ் ஒரே மாதத்துக்கு இரண்டு நிறுவனங்களின் பங்களிப்பைக் காட்டிவிடும். இந்தப் பயத்தில் சிலர் வருமானத்தையே மறைக்கிறார்கள். அது எந்த வகையிலும் நியாயமாகாது. முதலாளிக்கும் ஊழியருக்கும் உள்ள வழக்கில் ரேஷன் கடைக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய பணத்தில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை. தானே முன்வரி கட்டிவிட்டால் அலுவலகத்தில் எதையும் சொல்லாமலே அரசுக்கு நேர்மையாக இருக்க முடியும். முதலாளிக்குச் சொல்வதா என்பது தனிக் கணக்கு. அதை வரிக் கணக்கோடு குழப்பத் தேவையில்லை.

காலையில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணை யாரும் ஏமாற்றுக்காரி என்று சொன்னதில்லை. அந்த நான்கு சம்பளமும் சேர்ந்தால்தான் ஒரு சம்பளம் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுமுனையில், 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் ஒரே ஆள் 20 நிறுவனங்கள் வரை இயக்குநராக இருக்க அனுமதிக்கிறது. அவற்றில் பொது நிறுவனங்கள் 10க்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். முழுநேர நிர்வாக இயக்குநருக்குக் கடுமையான வரம்பு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் விசுவாசம் பல இடங்களில் பிரியலாம் என்று மேலே இருப்பவருக்குச் சட்டமே ஒப்புக்கொள்ளும்போது, நடுவில் இருக்கும் மாதச் சம்பளக்காரரிடம் மட்டும் முழு ஆளையும் கேட்பது எப்படி நியாயம்?

அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணம் கூலியாட்கள் பற்றிப் பேசுகையில் ஓர் உடன்படிக்கையைக் குறிப்பிடுகிறது. இந்த வேலைக்கு வேறு ஆளை வைப்பதில்லை என்று முதலாளியும், வேறு ஒருவருக்கும் உழைப்பதில்லை என்று ஆளும் ஒப்புக்கொள்கிறார்கள். வேலை கொடுக்காத முதலாளிக்கும் வேலை செய்யாத ஆளுக்கும் அபராதம் ஒன்றே, 12 பணம். இன்றைய நியமனக் கடிதத்தில் இரண்டாவது வாக்குறுதி மட்டும்தான் மிச்சம். முதலாவது காணாமல் போய்விட்டது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000க்கும் அதிகமானவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறதென்றால், தன் மாலை நேரத்தில் இன்னொரு வருமானத்தைத் தேடிவைக்கும் உரிமை ஊழியருக்கும் இருக்க வேண்டும்.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இயக்குநர்கள் ஒவ்வொரு நிதியாண்டின் முதல் போர்டு கூட்டத்திலும், தங்களுக்கு வேறெந்த நிறுவனங்களில் ஈடுபாடு உண்டு என்று எழுதிக் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. கொடுத்ததற்காக யாரையும் நீக்குவதில்லை; முரண்பாடுள்ள விவகாரத்தில் மட்டும் ஒதுங்கி நிற்கிறார்கள். அதே படிவத்தை ஊழியர்களுக்கும் கொடுக்கலாம். எந்த வேலை, எந்த நேரம், போட்டியாளருக்கா இல்லையா என்று மூன்று வரி எழுதினால் போதும். களைப்பு வேலையைக் கெடுக்கிறது என்றால், அந்த வேலையை வைத்தே மேலாளர் கேள்வி கேட்கட்டும்.