நின்றது வண்டியா, நானா?

சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு மணி நேரத்தை என் பழைய புல்லட் வண்டியோடு செலவிடுவது பல ஆண்டுப் பழக்கம். அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, கைலியோடு பங்கு இல்லத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் அமர்ந்துவிடுவேன். செயினுக்கு எண்ணெய், பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர், தளர்ந்த நட்டுகளுக்கு ஒரு முறுக்கு என ஏதேனும் ஒரு வேலை காத்திருக்கும்.

அண்மையில் பங்கு இளைஞன் ஒருவன் இதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சாமி, தப்பா நினைக்கக் கூடாது. போன ஞாயித்துக்கிழமை பற்றில்லாம வாழணும்னு பிரசங்கம் வச்சீங்க. ஆனா இந்த வண்டியை நீங்க கவனிக்கிறதைப் பார்த்தா, அதுவும் ஒரு பற்று மாதிரித்தானே தெரியுது?" என்றான்.

அவன் கேள்வியில் குறும்பு இருந்தது; நியாயமும் இருந்தது. அன்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் துறவைப் போதிக்கிறவனிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விதான் அது. அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால், 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து இரவு ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் இந்த வண்டியைப் பற்றியும் சில வார்த்தைகள் தேவை.

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெடிச் நகரம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அந்த ஆங்கில நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பொருத்தினார்கள். பிறகு சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் பாகங்களையும் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் அது நிற்கவில்லை; தாய் மறைந்த பின்னும் பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஒரே சிலிண்டர், 346 கன செ.மீ. கொள்ளளவு, கனத்த சுழற்சக்கரம், பதற்றமில்லாத ஓட்டம். நெடுவழிக்கு ஏற்ற வண்டி என்று படைவீரர்களும் காவலர்களும் அதை விரும்பினர். செம்மண் பாதைகளில் பத்துப் பன்னிரண்டு கிளைக் கிராமங்களைச் சுற்றிவர வேண்டிய பங்குக் குருக்களும் விரும்பினர்.

ஆனால் அந்தக் காலத்துப் புல்லட், தன்னைக் கவனிக்காதவனை நெடுந்தூரம் சுமக்காது. கிளப்புவதற்கே ஒரு முறை உண்டு. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை உச்சியிலிருந்து சற்றே கடத்திவிட வேண்டும். பிறகுதான் உதை. அவசரக்காரனின் காலை அது திருப்பி அடித்துவிடும். வால்வுகளை இயக்கும் தண்டுகளைச் சரிபார்க்கக் கருவிகூடத் தேவையில்லை, விரல்களே போதும்: எஞ்சின் குளிர்ந்திருக்கையில் தண்டு எளிதாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

இவை எல்லாவற்றிலும் சிறியது பாயிண்ட். எஞ்சினின் வலப்பக்கத்தில் ஒரு சிறு மூடிக்குள் இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் இயங்குகின்றன. அவை விலகும் கணத்தில்தான் பிளக்கில் தீப்பொறி பிறக்கிறது. விலக வேண்டிய தூரம் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். நாளடைவில் அந்தப் பொட்டுகள் கருகிக் குழிவிழும்; அவற்றை அசைக்கும் ஃபைபர் கட்டை தேய்ந்து இடைவெளி குறுகும். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் தகட்டை இடையில் வைத்து அளவைச் சரிசெய்துவிட்டால் போதும். இன்று வரும் வண்டிகளில் இந்த அமைப்பே இல்லை. மின்னணுக் கருவி அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

2004இல் நான் சிவகங்கைப் பக்கத்துப் பங்கொன்றில் இருந்தேன். பங்குக்குச் சொந்தமான புல்லட் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. திருவருகைக் காலம் தொடங்கியதிலிருந்தே அது முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஓர் உதையில் கிளம்பிய வண்டி ஐந்தாறு உதை கேட்டது. மெதுவாகப் போகையில் ஓட்டம் தடுமாறியது, இடையிடையே வெடித்தது. பாயிண்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பாடற்குழுப் பயிற்சி, குடில் வேலை, கிளைக் கிராமங்களில் ஒப்புரவு அருட்சாதனம். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூன்று வாரம் ஓடிற்று.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு, 14 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிளைக் கிராமத்திலிருந்து உபதேசியார் தொலைபேசியில் அழைத்தார். "சாமி, பெரியவருக்கு மூச்சு வாங்குது. உங்களத்தான் கேக்குறாக. உடனே வாங்க."

அந்தப் பெரியவரை நான் நன்கு அறிவேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கிராமத்துச் சிற்றாலயத்தில் காலையும் மாலையும் மணி அடித்தவர். மழையென்றும் காய்ச்சலென்றும் ஒரு வேளைகூட அவர் தவறியதில்லை என்பார்கள். நற்கருணையையும் திரு எண்ணெயையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பாதி வழியில், இரு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, வண்டி இருமிற்று, தடுமாறிற்று, நின்றுவிட்டது. உதைத்தேன். மூச்சிரைக்க உதைத்தேன். கையில் விளக்கில்லை, கருவியில்லை. வண்டியைச் சற்றுத் தூரம் தள்ளிப் பார்த்தேன். பிறகு ஓரமாக நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினேன். நெடுநேரம் கழித்துக் கரிமூட்டத் தொழிலாளி ஒருவர் தம் சைக்கிளின் பின்னிருக்கையில் என்னை ஏற்றிக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. பெரியவர் இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நோயில்பூசுதல் உயிரோடிருப்பவர்க்கு உரியது. இறந்தவருக்காக மன்றாடத்தான் முடியும். முழந்தாளிட்டு மன்றாடினேன். எழுந்தபோது அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி வருவாக, சாமி வருவாகன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாக" என்றார். அதில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மெக்கானிக் ஒருவர் வந்து அந்தச் சிறு மூடியைத் திறந்தார். கருகிப்போன பொட்டுகளை எனக்குக் காட்டினார். தேய்த்தார், அளவு வைத்தார், ஒரே உதையில் வண்டி கிளம்பிற்று. "பத்து நிமிச வேலை சாமி. வண்டி ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்குமே?" என்றார்.

இதைக் கேட்ட பிறகும், அன்று மாலை அடக்கத் திருப்பலியில் மக்களிடம் நான் சொன்னது இதுதான்: "வழியில் வண்டி நின்றுவிட்டதால் உரிய நேரத்தில் வர முடியவில்லை." மக்கள் பரிவோடு தலையசைத்தார்கள். நான் சொன்னதில் பொய் எதுவுமில்லை. வண்டி நின்றதும் உண்மை. அதனால் வர முடியாமற்போனதும் உண்மை. ஆயினும் அந்த வாக்கியம் என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருக்கிறோம். வண்டி நின்றது, பால் பொங்கிற்று, கடிதம் தொலைந்தது, உறவு விட்டுப்போயிற்று. எல்லாம் தாமாகவே நிகழ்ந்தவைபோல் ஒலிக்கின்றன. 'நிறுத்தினேன்', 'பொங்கவிட்டேன்', 'தொலைத்தேன்' என்று சொல்லும்போதுதான் செய்தவன் வாக்கியத்துக்குள் வந்து நிற்கிறான். நம் மனச்சான்று ஒளிந்துகொள்ளத் தன்வினையைப் போல் வசதியான திரை வேறில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குருவும் இதை அறிவார். நானும் அறிந்திருந்தேன், என் முறை வந்தபோது அதே திரையின் பின்னால் ஒதுங்கினேன்.

அப்படியானால் என் தவறு எங்கே நிகழ்ந்தது? கருவேலங்காட்டில் நான் எந்தத் தவறும் செய்யவில்லை. என்னால் இயன்ற அனைத்தையும் செய்தேன். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் நான் குற்றமற்றவன்.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்தபோது இந்த வினா எங்களுக்கு ஏட்டளவில் வந்ததுண்டு. புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் ஒரு மாலுமியைக் காட்டுகிறார். கப்பலைச் செலுத்த வேண்டியவன் செலுத்தாமல் விட்டான், கப்பல் மூழ்கிற்று. அவன் ஓட்டை எதுவும் போடவில்லை, ஒன்றுமே செய்யவில்லை. ஆயினும் மூழ்கியதற்கு அவனே காரணம் என்கிறார். உடனே ஓர் எல்லையையும் வகுக்கிறார்: செய்யாமற்போனதன் விளைவு ஒருவனைச் சாருவதற்கு, அவனால் அதைச் செய்ய இயன்றிருக்க வேண்டும், செய்யும் கடமையும் அவனுக்கு இருந்திருக்க வேண்டும்.

இந்த எல்லை மிகவும் தேவையானது. இல்லையென்றால் உலகில் நடக்கும் ஒவ்வொரு தீமைக்கும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் நோயுற்ற மனச்சான்று பிறந்துவிடும். அன்று நான் நல்ல நிலையில் வைத்திருந்த செயின், கண்ணுக்குத் தெரியாத உலோகக் குறையால் அறுந்திருந்தால், அது எனக்குத் துயரமாக இருந்திருக்கும், குற்றமாக இருந்திராது. ஆனால் பாயிண்டைச் சரிசெய்ய எனக்கு இயன்றது. பத்து நிமிடமே போதும். கடமையும் இருந்தது, நள்ளிரவிலும் அழைக்கப்படுவேன் என்று அறிந்தே அந்தப் பங்கை ஏற்றிருந்தேன். ஆகவே என் தவறின் நேரம் இரவு பத்து மணியன்று. மூன்று வாரங்களாக, வெயில் அடித்த ஒவ்வொரு காலையிலும், யாரும் சாகாத ஒவ்வொரு நாளிலும், நான் அதைச் சிறிது சிறிதாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஆண்டவர் சொன்ன பத்துத் தோழியர் உவமையை இதற்குப் பிறகே நான் சரியாகப் படித்தேன். அறிவற்ற ஐவரும் தூங்கினார்கள் என்பது அவர்கள் குற்றமன்று. அறிவுள்ள ஐவரும்தான் தூங்கினார்கள். மணமகன் வந்த வேளையில் எல்லாரும் ஒன்றுபோலவே விழித்தெழுந்து பரபரத்தார்கள். வேறுபாடு கடை திறந்திருந்த பகற்பொழுதிலேயே நேர்ந்து முடிந்துவிட்டது. நள்ளிரவு அதை வெளிப்படுத்த மட்டுமே செய்தது.

ஒரு மறுப்பு எழலாம். அருட்சாதனங்களைத் தந்த கடவுள் அவற்றுக்குக் கட்டுப்பட்டவரல்லர் என்று திருச்சபை கற்பிக்கிறது. நாற்பது ஆண்டுகள் மணி அடித்து ஊரை எழுப்பிய அந்த மனிதர், என் வண்டியின் இரண்டு பொட்டுகள் கருகியதால் இறையிரக்கத்தை இழந்திருப்பாரா? ஒருபோதும் இல்லை, இதை முழு மனத்தோடு நம்புகிறேன். ஆனால் இந்த நம்பிக்கை அவரைப் பற்றியது, என்னைப் பற்றியதன்று. கடவுள் தாமதிக்கவில்லை என்பது, நான் தாமதித்ததை இல்லையென்று ஆக்கிவிடாது. மூச்சுத் திணறலோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு குருவின் கை தம் நெற்றியைத் தொடும் ஆறுதலை அவர் எதிர்பார்த்தார். அது அவருக்கு உரியது. அதை நான் கொடுக்கவில்லை.

இனி அந்த இளைஞனின் கேள்விக்கு வருகிறேன். பராமரிப்பு பற்றாக மாறக்கூடும் என்பது உண்மையே. இப்போது என்னிடம் இருப்பது, காலஞ்சென்ற முதிய குரு ஒருவர் பயன்படுத்திய அதே காலத்து வண்டி. டேங்கின் தங்க நிறக் கோடுகளைத் துடைக்கும்போது கை தேவைக்கு மேல் சற்று நேரம் அங்கேயே தங்குவதை நானே கண்டிருக்கிறேன். மழையில் நனையுமே என்று ஒருமுறை கிளைக் கிராமத்துக்குப் போகத் தயங்கியதும் உண்டு. அந்தத் தயக்கத்துக்குப் பெயர் பற்றுதான். பொருளைக் காப்பதற்காக ஆளை மறந்தால் அது பற்று. இன்னும் நம்மை அழைக்காத ஒருவருக்காகப் பொருளை ஆயத்தமாய் வைத்திருந்தால் அது அன்பின் கடமை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஒரு மனிதன் மரத்தடியில் அமர்ந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அழைப்பு வந்ததும் சேற்றில் இறங்கத் தயங்காமல் அதை எடுக்கிறானா என்பதில்தான் உண்மை தெரியும்.

இது வண்டியோடு முடிவதுமன்று. கணவன் மனைவிக்கிடையே பேசாமல் தள்ளிப்போடும் ஒரு பேச்சு, வயதான தாய்க்கு வாங்கி வைக்காத மாத்திரை, அரைகுறையாய் முடிக்கும் மாலைச் செபம் என நம் ஒவ்வொருவரிடமும் திறந்து பார்க்காத ஒரு சிறு மூடி இருக்கிறது. வண்டி முணுமுணுப்பதுபோல அவையும் முன்கூட்டியே நமக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

பெரியவரின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு அந்தக் கிராமத்துக்குப் போனபோது, ஓராண்டுக்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை அவருடைய மனைவியிடம் சொன்னேன்: "அன்று வண்டி தானாக நிற்கவில்லை, அம்மா. நான் கவனிக்காமல் விட்டதால் நின்றது." அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இப்ப நல்லா ஓடுதா சாமி?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். "அப்ப சரி. இன்னும் எத்தனையோ கெழடு கட்டைக இருக்காக" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அந்த இளைஞன் வந்தால் இதைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அவன் வராவிட்டாலும் பாயிண்டைத் திறந்து பார்க்க வேண்டும்.